ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த மொச்சை

அப்பா மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, பள்ளிகொண்டாவுக்கு அருகில் எங்கள் ஊர் வீட்டின் பரணைச் சுத்தம் செய்தபோது, சாம்பல் நிரப்பி வாயைத் துணியால் கட்டிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கிடைத்தது. சாம்பலைச் சலித்துப் பார்த்தால் உள்ளே நாற்பத்தொரு மொச்சைக்கொட்டைகள் இருந்தன. எந்த ஆண்டு எடுத்து வைத்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. அவர் கடைசியாக மொச்சை போட்டது நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்பு என்பதால், நான்காண்டுக்குக் குறையாத விதை என்று மட்டும் கணக்கிட முடிந்தது. ஒன்றிலும் வண்டு விழவில்லை. தோல் பளபளப்பு மங்கியிருந்தாலும் சுருக்கமோ சொத்தையோ இல்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்ற கேள்வி அன்று எழுந்ததுதான். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இந்த ஆனி மாதம் ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன்.

அதற்கு முந்தைய ஆடியிலேயே முப்பது கொட்டைகளைப் பாத்தி கட்டி ஊன்றிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் நாள் மண்ணை விலக்கிப் பார்த்தபோது எல்லாம் இரண்டு மடங்காக உப்பி, தோல் இறுகி, வெடிக்கக் காத்திருப்பவை போல இருந்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறாம் நாள் பார்த்தால் வழவழப்பும் நாற்றமும்தான் மிச்சம், முப்பதும் அழுகிவிட்டன. செத்த விதையும் தண்ணீரை உறிஞ்சும், செத்த விதையும் உப்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காய்ந்த கட்டை மழையில் உப்புவது போன்ற வெறும் பௌதிக நிகழ்வு அது. உயிர் இருப்பதற்கான சாட்சி முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான், அதற்கு முன்னால் நடப்பது எதுவும் சாட்சி ஆகாது.

மீதம் பதினொன்று. விதைப் பரிசோதனை வேலையில் பல ஆண்டுகள் இருந்த நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முறைப்படி முளைப்புத்திறன் சொல்ல நானூறு விதைகள் வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னவர், நான்கை மட்டும் வாங்கிக்கொண்டார். இரவு முழுவதும் ஈரத்தில் வைத்து, மறுநாள் தோலுரித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, டெட்ராசோலியம் என்ற நிறமற்ற உப்புக் கரைசலில் போட்டு இருட்டில் வைத்தார். ஜெர்மானியரான கியோர்க் லாகோன் 1940-களில் உருவாக்கிய முறை இது. உயிருள்ள திசு சுவாசிக்கும்போது உள்ளே இயங்கும் நொதிகள் அந்த உப்பை மாற்றுவதால் மூச்சுள்ள இடம் சிவந்துவிடும், மூச்சில்லாத இடம் வெளுத்தே கிடக்கும். சில மணி நேரம் கழித்துத் தட்டைத் திறந்தபோது மூன்று கொட்டைகள் வெளிறிக் கிடந்தன. நான்காவது மட்டும், இரு பருப்புகளும் சேரும் மூலையில் நகத்துண்டு அளவுக்கு வளைந்து படுத்திருந்த முளைக்கருவின் நுனி முதல் அடி வரை, மருதாணி பிடித்த விரலைப் போலச் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்பை என்னால் மறக்க முடியவில்லை. பரணில், வேலூர் வெயிலில், சாம்பலுக்குள், அத்தனை ஆண்டுகள் அது உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் அது உயிரோடு இருந்தது என்று நிரூபித்த கத்தியே அதைக் கொன்றும்விட்டது. இனி அதை ஊன்ற முடியாது. அப்பா மிச்சம் வைத்தவற்றில் உயிர் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றே ஒன்றை நான் அறிந்துகொள்வதற்காகச் செலவழித்துவிட்டேன் என்பது அன்றிரவு முழுவதும் நெஞ்சை அரித்தது. எஞ்சிய ஏழில் எது உயிருள்ளது என்று பார்த்துச் சொல்லும் வழி எவரிடமும் இல்லை. நண்பர்தான், ஜவ்வாது மலையில் சாமையும் மொச்சையும் சொந்த விதையிலேயே விதைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

புறப்படும் முன் பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதரைச் சேவித்துவிட்டுக் கிளம்பினேன். சிறு வயது முதல் பார்த்த திருமேனிதான், என்றாலும் அன்று வேறு விதமாகப் பட்டது. பெருமாளின் படுக்கையைத் தூக்கம் என்று யாரும் சொல்வதில்லை, அறிதுயில் என்பார்கள். அறிந்துகொண்டே துயில்வது. வேளாண்மைப் பாடநூல்கள் விதை உறக்கம் என்று எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று வருகிறது, அந்த ஓரறிவு உற்றறிவது, அதாவது தொடுகையால் அறிவது. விதைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கண்ணும் செவியும் இல்லாத அந்தக் கொட்டை ஈரத்தின் தொடுகையை அறிகிறது, வெப்பத்தின் தொடுகையை அறிகிறது, அறிந்த பின்பே எழுகிறது.

ஏழு கொட்டைகளையும் சாம்பலோடு அதே பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு, வாணியம்பாடிப் பேருந்தில் ஏறினேன். நெடுஞ்சாலையை ஒட்டி, விட்டு விட்டுத் தெரிந்தபடியே பாலாறு கூட வருகிறது. ஆனியில் அது முழுக்க மணல், சீமைக்கருவேலம், நடுவில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள். எங்கள் பக்கத்தில் ‘செத்த ஆறு’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், ஆனாலும் மணலைத் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்கும் இடங்கள் இன்றும் உண்டு. 2021 நவம்பரில் இரு கரையும் புரள அது வந்ததை நாங்கள் பார்த்தோம். 2017-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள நபர்களாக அறிவித்தது, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஆற்றைக் காக்க அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றால் அதை நான் வரவேற்பேன். ஆனாலும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, ஆற்றின் உயிர் வேறு, விதையின் உயிர் வேறு என்றே தோன்றியது. வறண்ட ஆறு தன் வெள்ளத்தைத் தனக்குள் வைத்திருப்பதில்லை, மழை எங்கிருந்தோ வரவேண்டும். காய்ந்த விதைக்கும் மழை வெளியிலிருந்துதான் வரவேண்டும், ஆனால் மழை வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆம்பூரைத் தாண்டும்போது தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாசனை பேருந்துக்குள் வந்தது. தோலும் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும் பொருள்தான். குரோமிய உப்பு அதன் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் அழுகல் அதை நெருங்க முடிவதில்லை. விதை கெடாமல் இருப்பது வேறு வகை. காயும்போது அதன் செல்களில் உள்ள சர்க்கரைப் பொருள்கள் கண்ணாடி போல இறுகி, உள்ளிருக்கும் நுண்ணிய அமைப்புகளை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன, சுவாசம் அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. வெளிப்பார்வைக்கு ஒரு செருப்பின் தோலும் ஒரு மொச்சைக்கொட்டையும் ஒரே மாதிரி அசைவற்றுக் கிடக்கின்றன. தோல் முடிந்துபோன ஒன்று, மொச்சை நிறுத்தி வைக்கப்பட்ட ஒன்று.

வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக மலைப் பேருந்து. வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. காவலூர் வந்ததும் இறங்கிக்கொண்டேன், வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் குமிழ்க் கூரைகளை இவ்வளவு அருகில் வந்தும் பார்க்காமல் போக மனம் வரவில்லை. 1986-ல் பயன்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்குள்ளது. அதற்கும் முன்பே, 1972-ல், வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்த நிலவைச் சுற்றி மெல்லிய வளி இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறியை இங்கிருந்து கண்டிருக்கிறார்கள். வானம் முழுக்க மேகம் என்பதால் நான் பார்த்தது கட்டடங்களை மட்டுமே. ஆனால் அங்கே நின்றபோது வைக்கிங் விண்கலங்களின் நினைவு வந்தது. 1976-ல் செவ்வாயில் இறங்கிய அவை ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, அதில் ஊட்டச்சத்துக் கரைசலைச் சொட்டு விட்டு, வாயு ஏதேனும் வெளிவருகிறதா என்று காத்திருந்தன. ஈரம் கொடுத்துவிட்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, பாத்தி ஓரம் குந்தியிருக்கும் எந்த விவசாயியும் செய்வதுதான். வாயு வெளிவரத்தான் செய்தது. ஆனால் அந்த மண்ணில் உயிருக்கு அடிப்படையான கரிமப் பொருள்கள் தென்படாததால், அது வேதிவினையாகவே இருக்கவேண்டும் என்று பெரும்பாலான அறிவியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். செத்த மொச்சை உப்பியதைக் கண்டு வீட்டாரைக் கூப்பிட்ட எனக்கு அந்த ஏமாற்றம் நன்றாகவே புரிகிறது.

உயிர் என்றால் என்ன என்பதற்கு 1990-களில் நாசாவின் ஒரு குழு வகுத்த வரையறை பரவலாக வழங்குகிறது: டார்வினிய பரிணாமத்துக்கு உள்ளாகக்கூடிய, தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் வேதி அமைப்பு என்பது அதன் சாரம். வேற்றுக் கோள்களில் தேடுவதற்கு அது உதவலாம். குட்டி ஈன முடியாத ஒற்றைக் கோவேறு கழுதையை அதன் முன் நிறுத்தினால் அது திணறும், என் பாட்டிலில் இருந்த ஏழையும் நிறுத்தினால் இன்னும் திணறும். தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். அந்தச் சொல்லும் மூச்சையே அடக்கிக்கொண்ட விதையிடம் வந்து தயங்குகிறது.

ஜமுனாமரத்தூரிலிருந்து சிற்றுந்தில் போய்ச் சேர்ந்த ஊரில், நண்பர் சொன்ன வீட்டு மூதாட்டி திண்ணையில் பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆயா என்றே கூப்பிட்டேன், தம்பி என்று பதில் சொன்னார். சுளையைக் கையில் கொடுத்தவர், கொட்டையைத் தூக்கி எறியாமல் தனியே போடச் சொன்னார். பலாக்கொட்டையை உலர்த்தி வைத்தால் செத்துவிடும், வேகவைத்துத் தின்ன வேண்டும் அல்லது ஈரம் காயுமுன் நட்டுவிட வேண்டும். காத்திருக்கத் தெரியாத விதை அது. மாங்கொட்டையும் அப்படித்தான். அவர் வீட்டுக்குள்ளே சாணம் மெழுகிய மூங்கில் கூடையில் போன போகத்துச் சாமை விதை இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினார், ‘டக்’கென்று உடைந்தது. அந்தச் சத்தம் வராவிட்டால் மறுபடியும் வெயிலில் போடவேண்டுமாம். விதையின் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று விதை அறிவியலில் ஒரு கணக்கு உண்டு. ஆயாவின் பல் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

பாட்டிலைத் திறந்து ஏழு கொட்டைகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். கதை முழுவதையும் சொன்னேன், அழுகிய முப்பதையும், சிவந்த ஒன்றையும்.

“இதுல உசுரு இருக்கா ஆயா?”

அவர் ஒவ்வொன்றாக விரலால் உருட்டினார். “பார்த்தா எப்படித் தெரியும் தம்பி? போட்டாத்தான் தெரியும்.”

“போட்டு வரலைன்னா?”

“வரலைன்னா வரலை. உங்கப்பாரு என்ன, பாட்டில்ல இருக்கறதுக்கா எடுத்து வச்சாரு?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பேரீச்சங்கொட்டைகள் இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழ்வில் 1960-களில் கிடைத்தன. அவற்றில் மூன்றை எடுத்து 2005-ல் ஊன்றினார்கள், ஒன்று முளைத்தது. நான்கு பத்தாண்டுகள் அவை பெட்டியில் பத்திரமாக இருந்தன. அந்தக் காலம் முழுவதும் உயிருள்ளது ஒன்று அதற்குள் இருந்தது எவருக்கும் தெரியாது, இழக்கத் துணிந்து மண்ணில் போட்ட பிறகே தெரிந்தது. கத்தியால் பிளந்து அறிவதும் இழப்புதான், மண்ணில் போட்டு அறிவதும் இழக்கத் துணிவதுதான். ஆனால் மண்ணில் போடும்போது விதைக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தை உணர எனக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்தது. உயிரை ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் சொத்தாக நினைத்து, திறந்து பார்த்துவிடலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆயாவோ அதை, நாம் ஈரம் கொடுத்தால் பதில் சொல்லக்கூடிய ஒன்றாக வைத்திருக்கிறார். பதில் வராமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறார்.

ஆடி மழையில் சாமையோடு வரப்பு ஓரம் ஊன்றுவதாகச் சொன்னார். வேலூர்ச் சமவெளி வெயிலில் அலுத்த விதைக்கு மலை மண் ஒத்துவரும் என்பது அவர் நம்பிக்கை, என் நம்பிக்கையும் அதுவே ஆகிவிட்டது. ஏழையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டை என் கையில் திருப்பி வைத்தார்.

“எல்லாத்தையும் ஒரே மழைக்குக் குடுக்கக் கூடாது தம்பி. கைவசம் ரெண்டு இருக்கணும்.”

அடுப்பிலிருந்து புதுச் சாம்பல் அள்ளி வந்து, ஆறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகு, பாட்டிலில் பாதியளவு நிரப்பித் தந்தார். துணியை நானே கட்டினேன். பேருந்தில் எனக்குக் கிடைத்தது மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலோர இருக்கை. ஆலங்காயம் இறங்கும் வரை பாட்டிலைத் துண்டில் சுற்றி, வெயில் படாத பக்கமாகக் காலுக்கும் கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு வந்தேன்.