ஒரு மணியும் நூறு வாளியும்

கேரளத்து நிலம்பூரில், தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடச் சாலியாற்றின் பழைய சரளை மேட்டில் வெட்டிய குழியொன்றின் அடிச்சரளையைப் பத்து லிட்டர் வாளியில் எடுத்து அலசியபோது, தட்டில் ஒதுங்கிய கருமணலுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் தங்க மணி ஒன்று நின்றது. சுற்றியிருந்த வாளிகளில் தூசியளவுத் துணுக்குகளே கிடைத்திருந்தன.

"அந்த மணியை நீக்கிவிட்டுச் சராசரி போடுங்கள்" என்றார் மூத்த நிலவியலாளர்.

"குழியிலிருந்துதானே வந்தது, சார்?"

"வந்தது. அடுத்த வாளியிலும் வரும் என்று கையெழுத்துப் போடுவீர்களா?"

வராது என்றும் கையெழுத்துப் போட முடியாதே என்ற பதில் எனக்குப் பிறகுதான் தோன்றியது.

அத்தகைய உருண்டை மணி சுமார் 10 மில்லிகிராம் எடை இருக்கும். கன மீட்டருக்கு நூறு வாளி என்பதால் அந்த வாளியின் கணக்கு கன மீட்டருக்கு 1 கிராம் என்று எகிறிவிடுகிறது. தோண்டியதும் சரளை தளர்ந்து உப்பிவிடும்; அந்த உப்பலைக் கழித்தால் இன்னும் கூடும். ஒரு துணுக்கை நம்பி இயந்திரம் இறக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல் என்று அவர் கருதியதில் நியாயம் உண்டு. நீர் ஊறும் குழியில் பக்கச் சுவர் சரிந்துகொண்டே இருக்கும். மணி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதற்கே உறுதியில்லை.

ஆனால் கன மீட்டருக்கு 0.1 கிராம் தங்கம் இத்தகைய மணிகளாகவே சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொண்டால், நூறு வாளிக்குப் பத்து மணிகள்தான். ஏறத்தாழ தொண்ணூறு வாளிகள் வெறுமையாகவே வரும். அப்படியானால் வெறும் வாளிகளை நம்பி மணியை ஒதுக்குவதும், மணியை நம்பி வெறும் வாளிகளை மறப்பதும் ஒரே அவசரம் அல்லவா? அங்கே மரத்தட்டில் அலசுவோர் ஒரு தட்டை வைத்து இடத்தை மதிப்பிடுவதில்லை. நாள் முழுதும் அலசி, மாலையில் சேர்ந்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள். எங்கள் வாளியைவிட அவர்களுடைய மாதிரி பெரியது என்பதை நான் தாமதமாகவே கவனித்தேன்.

அறிக்கையில் மணியைச் சேர்த்த சராசரி, நீக்கிய சராசரி இரண்டையும் எழுதி, கன மீட்டர் கணக்கில் பெரிய மாதிரிகள் எடுத்து, சாய்வாக நீர் ஓடும் மரப்பெட்டியில் அலச வேண்டும் என்றும் பரிந்துரைத்தேன். அது நேர்மையான வழி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் சுருக்கவுரையில் ஒற்றை எண்ணுக்கே இடமிருந்தது. நீக்கிய சராசரியை அங்கே இட்டது நான்தான். அவர் வற்புறுத்தவில்லை. குறைத்துச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் அதில் எவ்வளவு கலந்திருந்தது என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.