ஆகாசவாணி செய்தி வாசிப்பாளர் தேர்வு: எழுதும்போதே உதட்டுக்குள் வாசித்துப் பாருங்கள்

பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர் தேர்வு முடிவு வந்துவிட்டது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பெரிய நிம்மதி. அடுத்த முறை எழுதப் போகிறவர்களுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். தகுதி, விண்ணப்பம் எல்லாம் அறிவிப்பிலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை.

எல்லாரும் குரலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் மொழிபெயர்ப்புத் தாள்தான் எல்லாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும், தேர்வு அறையிலேயே, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் அந்த வாக்கியத்தை உடையுங்கள். நான் தேறியது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆங்கிலச் செய்தியில் ஒரே வாக்கியத்துக்குள் நான்கு விவரம் இருக்கும். அதை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: “டெல்டா மாவட்டங்களில் பெய்த மழையால் சேதமடைந்த நெற்பயிர்களைக் கணக்கெடுக்க அமைக்கப்பட்டுள்ள குழு நாளை தஞ்சாவூர் வரவிருப்பதாக வேளாண் அமைச்சர் தெரிவித்தார்.” இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வினை கடைசியில் வருவதால் கேட்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். வானொலியில் திரும்பப் படித்துப் பார்க்கவும் வழியில்லை. அதையே உடைத்து எழுதினால் இப்படி: “டெல்டா மாவட்டங்களில் மழையால் நெற்பயிர்கள் சேதமடைந்துள்ளன. சேதத்தைக் கணக்கெடுக்கும் குழு நாளை தஞ்சாவூர் வருகிறது. வேளாண் அமைச்சர் இதைத் தெரிவித்தார்.” மூன்று வாக்கியம், மூன்று மூச்சு, அவ்வளவுதான்.

இதை நான் கற்றது சரோஜ் நாராயணசுவாமி அம்மாவின் பழைய ஒலிப்பதிவுகளில். மும்பையில் வளர்ந்து, டெல்லியிலிருந்து பல பத்தாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 2022 ஆகஸ்டில் 87 வயதில் மறைந்தார். பெயரையும் ஊரையும் அவர் அழுத்திச் சொல்லும் விதத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவரிடம் அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு! அந்தக் குரலை நகல் எடுக்க வேண்டாம். வாக்கியம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் சில குறிப்புகள்:

- எண்ணைச் சொல்லாக எழுதுங்கள். 1,250 கோடி என்பதை ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது கோடி’ என்று எழுதினால் வாய் தடுக்காது.
- மூலத்தில் கிழமை இருந்தால் இன்று, நேற்று என்று மாற்றுங்கள்.
- பக்கக் கடைசியில் வாக்கியம் முடியட்டும். தாளைப் புரட்டும்போது பாதி வாக்கியம் தொங்கக் கூடாது.
- ழ, ள, ல தகராறு இருந்தால் தினமும் சத்தமாக நாளிதழ் படியுங்கள்.
- குரல் தேர்வில் தடுமாறினால் ‘மன்னிக்கவும்’ என்று சொல்லிவிட்டு அந்த வரியைத் திரும்ப வாசியுங்கள். முகம் மாற வேண்டாம்.

நேர்காணலுக்கு வானொலி வரலாறு கொஞ்சம் தேவை. சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16, திருச்சி நிலையம் 1939 மே 16. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் 1990, நடைமுறைக்கு வந்தது 1997. காந்தி டெல்லி நிலையத்துக்கு வந்து பேசியது 1947 நவம்பர் 12. பொதுச் சேவை ஒலிபரப்பு நாள் என்று கொண்டாடுவது அதைத்தான். ஒலிபரப்பு விதிகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தோடு படியுங்கள். கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, நீதிமன்ற அவமதிப்பு கூடாது, நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது. ‘ஏன்’ என்று ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் உதவாது.

குழு சேர்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் கூடினால் கட்-ஆஃப் பேச்சுதான் ஓடும். விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து, ஒரு ஆங்கிலச் செய்தியை எடுத்து மொழிபெயர்த்து, அதைச் சத்தமாக வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் நம் குரல் நமக்கே பிடிக்காது. விடாமல் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. இது நிரந்தர வேலை இல்லை; மாதத்தில் சில நாள்கள்தான் அழைப்பார்கள். இதை நம்பி கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். நானும் விடவில்லை.