ஊசியா, மாத்திரையா?

போன மார்கழியில் அம்மாவுக்கு மறுபடியும் இளைப்பு. நாற்பது வருஷம் விறகடுப்பில் ஊதாங்குழலோடு உட்கார்ந்தவர். பீடி வாசனையே ஆகாது. ஆனாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இளைக்க வைக்கும் நுரையீரல் நோய். அன்று விடிகாலை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடு" என்று சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் 93-க்கு வந்ததும், டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதினார்: 20 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, காலையில் சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள். எனக்குத் திக்கென்றது. முந்தின வருஷம் வேறொரு இடத்தில் நான்கு நாள் படுக்க வைத்து ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். "ஊசியே போட்டுடுங்க மேடம், சீக்கிரம் கேட்கும்" என்றேன்.

"அம்மா மாத்திரை முழுங்கறாங்க, வாந்தி இல்லை. அப்புறம் எதுக்கு ஊசி?" என்றார். மாத்திரையில் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போய்விடுமாம். எந்த வழியில் கொடுத்தாலும் ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். உடனே மூச்சுக்குழாயைத் தளர்த்துவது நெபுலைசர் மருந்துதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2007-இல் நெதர்லாந்தில் 210 நோயாளிகளுக்கு ஒரே அளவு பிரெட்னிசோலோனைப் பாதிப் பேருக்கு நரம்பிலும் பாதிப் பேருக்கு வாய்வழியாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை சற்றும் சளைக்கவில்லை. 2013-இல் சுவிட்சர்லாந்தில் 5 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டார்கள். 5 நாளே போதுமானதாக இருந்தது. ஊசியில் சர்க்கரை ஏறுவது அதிகம் என்றும் படித்தேன். அதை நான் கண்ணால் பார்த்தவன். முந்தின வருஷம் அம்மாவுக்கு 400-ஐத் தாண்டியது. ஊசி குத்திய புறங்கை நீலம் பாரித்து வீங்கி, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

மாத்திரையிலும் சர்க்கரை ஏறத்தான் செய்தது. காலையில் 130, சாயங்காலம் 280. காலையில் மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. சர்க்கரைக்காரர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மயக்கமாக இருப்பவர், விழுங்க முடியாதவர் என்றால் ஊசிதான் வழி, அதில் பேச்சே இல்லை. புடெசோனைடு என்ற இன்னொரு ஸ்டீராய்டை நெபுலைசரில் வைப்பதும் உண்டு.

ஐந்தாம் நாளோடு பத்து மாத்திரையும் தீர்ந்தன. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னொரு அட்டை வாங்கி வெச்சுக்கோ, அவசரத்துக்கு ஆகும்" என்றார். டாக்டரைக் கேட்டேன். கண்டிப்பாகக் கூடாது, அடுத்த தடவை இளைத்தால் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். எண்ணை அம்மாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.