ஓகே பிறந்த கதை

ஒரு நாளைக்கு எத்தனை முறை 'ஓகே' என்கிறோம்! அந்தச் சொல்லின் பிறந்த தேதி தெரியும் என்பதே எனக்குப் பெரிய வியப்பு. 1839 மார்ச் 23. இடம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில்தான் அது முதன்முதலில் அச்சேறியது.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு மோகம் இருந்தது. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அவற்றின் முதலெழுத்துகளை மட்டும் பயன்படுத்துவார்கள். 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆக்கினார்கள். அதன் சுருக்கம்தான் ஓகே. இப்படிப் பிறந்த பல சுருக்கங்கள் சில ஆண்டுகளிலேயே மறைந்துபோயின. இதை மட்டும் ஒரு தேர்தல் காப்பாற்றியது.

1840இல் மீண்டும் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்று அழைத்து, ஓகே என்ற பெயரில் சங்கமே தொடங்கினார்கள். அவர் தோற்றுவிட்டார், சொல் நிலைத்துவிட்டது.

இதன் வேரைப் பற்றி எத்தனையோ கதைகள் உலவின. அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்று நம்பியவர்களும் உண்டு. பழைய நாளிதழ்களைப் பொறுமையாகப் புரட்டி, 1960களில் உண்மையை நிறுவியவர் மொழியியல் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். இரண்டே எழுத்துகளுக்காக அவர் பட்ட பாட்டை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.