தாளை விட்டுவைத்த இடம்தான் பனி

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பது அபூர்வம். 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை எடுத்தபோதுகூட, அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். அதற்குள் பிள்ளைகளின் கை இறுகிப்போகிறது. "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் அப்படிச் சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

இந்த வயதில் ஓவிய வரலாறு எதற்கு என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்பார்கள். பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்யவைப்பதென்றால் தேவையில்லைதான். நான் முதலில் வரையச் சொல்வேன். பிள்ளைகள் கொஞ்சம் திணறட்டும். அப்புறம்தான் பழைய படத்தை எடுத்துக் காட்டுவேன். தானே முட்டி மோதிய கணக்கை இன்னொருவர் எப்படிப் போட்டார் என்று பார்க்கும் ஆர்வம் அப்போதுதான் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அப்படி ஒரு நாளில் "இதை வரையுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் வெள்ளைக் கிரேயானை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தான், ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெண் மரங்களை முழுசாக வரைந்து ரப்பரால் அழித்தாள், அழுக்குத்தான் மிஞ்சியது. இன்னும் சிலர் தாள் முழுக்கப் பென்சிலால் சாம்பல் பூசினார்கள். பனி வரவில்லை, மழை மேகம் வந்தது.

சரி என்று, ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாக்கு வரைந்த பைன் மரங்களின் படத்தைக் காட்டினேன். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், ஆறு ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகளில் வெறும் மையால் வரைந்தது. டோக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "இவர் பனிக்கு என்ன கலர் போட்டிருக்கார்?" என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. ரப்பரால் அழித்த அந்தப் பெண்தான் சொன்னாள்: "ஒண்ணுமே போடல டீச்சர். பேப்பரை அப்படியே விட்டுட்டாரு." நான் விளக்கியிருந்தால் இத்தனை சுருக்கமாக வந்திருக்காது. மறுபடி வரைந்தபோது கிட்டே இருக்கும் மரத்துக்கு அழுத்தமான கோடு, தூரத்து மரத்துக்குப் பட்டும் படாமலும் ஒரு கோடு. நடுவில் தாள்.

இங்கே பழைய ஓவியத்துக்காக ஜப்பான் வரை போக வேண்டியதும் இல்லை. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் சிவப்பிலும் வெள்ளையிலும் தீட்டிய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அந்தப் பாறையிலும் கிறுக்கிச் சேதப்படுத்திவிட்டுப் போனவர்கள் உண்டு என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. வெள்ளரிக்கொம்பைப் பக்கத்துக் குறும்பர் பழங்குடியினர் வேங்கைப் பிசினையும் மண்ணையும் இலைச்சாற்றையும் வண்ணமாக்கி இன்றும் வரைகிறார்கள். இதைச் சொன்ன மறுநாள் பிள்ளைகள் பையில் செம்மண், அடுப்புக்கரி, கசக்கிய இலை எல்லாம் வந்து சேர்ந்தன. மண்ணைத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் உதிர்கிறது; பிசின் எதற்கென்று அப்போது யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் சித்தன்னவாசல். ஒன்பதாம் நூற்றாண்டு, சமணக் குடைவரை, கூரையில் தாமரைக்குளம். முதலில் பெஞ்சுக்கு அடியில் தாளை ஒட்டி, மல்லாந்து படுத்து ஒரு குளத்தை வரையச் சொல்வேன். கை கடுக்கும், கிரேயான் தூள் கண்ணில் விழும். நாலாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே குளத்தை மேலிருந்து பார்ப்பதுபோலவும், மீனைப் பக்கவாட்டிலும் வரைவார்கள். அப்புறம் சித்தன்னவாசல் படத்தை விரித்தால் அங்கேயும் மீன் பக்கவாட்டில்தான் நீந்துகிறது! தாமரைக்கு நடுவே வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆள். "இவரும் நம்மள மாதிரியே வரைஞ்சிருக்காரு" என்று ஒரு கூச்சல் எழும். மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகுதான் தெரியும் என்று திருத்த நான் போவதில்லை. தனக்குத் தெரிந்த மீன் முழுசாக வர வேண்டும் என்ற ஆசை அது. அதைக் கெடுக்கக் கூடாது.

கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. அதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: "வரைஞ்சவர் பேரு?" அது கிடைக்கவில்லை என்றேன். "படுத்துக்கிட்டே வரைஞ்சிருக்காரு, பேரு கூட போடலையா?" என்று அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அன்றிலிருந்து அந்த வகுப்பில் எல்லாரும் படத்தில் பெயர் எழுதுகிறார்கள். சிலரின் பெயர் பாதி வானத்தை அடைத்துக்கொள்கிறது. சிறிதாக எழுது என்று நான் சொல்வதில்லை. தேதியும் போடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.