இரண்டாவது சுவர்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை ஒருவழியாக நேற்று முடிந்தது. இது இரண்டாவது சுவர். முதலாவது ஒரே மழையில் வயிறு தள்ளிச் சாய்ந்துவிட்டது. கையில் இருந்த கொஞ்ச சிமெண்டையும் கொட்டி, ஓர் ஓட்டைகூட இல்லாமல் பூசிப் பெருமைப்பட்டேன். அதுதான் தப்பு. மண்ணோடு சேர்ந்து, வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கிய தண்ணீரும் சுவரைத் தள்ளிவிட்டது. ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோ!

இம்முறை சிமெண்ட் கிடைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று. பழைய டயர்களைச் செங்கல் வரிசைபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஈரமண்ணைத் திணித்துச் சம்மட்டியால் இடித்தேன். ஒரு டயருக்குள் எத்தனை கூடை மண் போகும் என்பது இடித்தவருக்குத்தான் தெரியும். தோள் இன்னும் வலிக்கிறது. ஒவ்வொரு வரிசையையும் மேட்டுப் பக்கமாகச் சற்று உள்வாங்கி வைத்தேன். பின்புறம் உடைகல்லும் ஓட்டுச் சில்லும் நிரப்பியதால் நீர் தானாக வடிந்துவிடுகிறது.

மண் மூட்டை அடுக்கலாமே என்றார் நண்பர். மலிவுதான். ஆனால் பிளாஸ்டிக் சாக்கை வெயிலில் திறந்துபோட்டால் சில மாதங்களிலேயே நைந்துவிடும். மேலே மண்சாந்தாவது பூச வேண்டும்.

உயரத்தை ஒரு மீட்டரோடு நிறுத்திவிட்டேன். உயரம் இரட்டித்தால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மிச்ச மேட்டை இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு படியாக வெட்ட வேண்டும். டயர் தீர்ந்துவிட்டது. யாரிடமாவது பழையது கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.