நாகலூர் செம்மண்ணும் நான்கு மட் ஃப்ளாப்பும்

அம்மா எங்கள் காரில் இருந்து இறங்கும்போது ஒரு கையால் புடவையைக் கொசுவத்தோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படியும் கதவுக்குக் கீழே இருக்கிற படியில் கெண்டைக்கால் உரசி, புடவை ஓரத்தில் செம்மண் ஒட்டிவிடும். நாகலூர் மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி எடுத்த இடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே மண் எவ்வளவு சிவப்பு என்று. வெளுத்த பருத்திப் புடவையில் பட்டால் இரண்டு துவையலுக்கும் போகாது.

நாங்கள் இருப்பது சேலம் கன்னங்குறிச்சியில். வேலை கருப்பூர் பக்கம். சனிக்கிழமை மதியம் ஏற்காடு ஏறி, ஒண்டிக்கடை தாண்டி நாகலூருக்குப் போய் அப்பா அம்மாவோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு வருவோம். கார் 2017 மாடல் ஹேட்ச்பேக், டயர் வாரியடிக்கிற சேற்றையும் கல்லையும் தடுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் மட் ஃப்ளாப் வாங்கியபோதே கிடையாது. வாரநாளில் கருப்பூர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி, வாரக்கடைசியில் மலைச் செம்மண். ஏழு வருடமாக இப்படித்தான் ஓடியது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனோம். பாதை திறந்த பிறகும் ஓரமெல்லாம் சேறும் சிறு கல்லும் கிடந்தன. அந்த ஒரு மாதத்தில்தான் முன் டயருக்குப் பின்னால், கதவின் அடி ஓரத்தில், கல் தெறித்த தழும்புகள் கண்ணில் பட்டன. மொத்தம் ஒன்பது எண்ணினேன். இரண்டு இடத்தில் பெயிண்ட் போய் மிளகு அளவுக்குத் துரு தெரிந்தது. இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு கடைக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் நின்ற காருக்கு அங்கே மட் ஃப்ளாப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கர வளைவின் உள் ஓரத்துத் தகட்டிலேயே டிரில் போட்டு, சக்கரத்துக்கு மூன்று ஓட்டை. இரும்புத் துகள் உள்ளேயே விழுந்து கிடந்தது. ஓட்டையின் வாயில் பெயிண்டோ பிரைமரோ தடவவில்லை, நேராக ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சேறும் தண்ணீரும் அதிகம் அடிக்கிற இடத்தில் பெயிண்ட் இல்லாத தகடு திறந்து கிடந்தால் துரு அங்கிருந்துதான் புறப்படும். துருவைத் தடுக்க வந்த நான் பன்னிரண்டு இடத்தில் துருவுக்கு வாசல் திறந்துவிட விரும்பவில்லை. “செட்டை மட்டும் கொடுங்க, வீட்ல மாட்டிக்கிறேன்” என்றேன். “மேடம், வீட்ல எல்லாம் சரியா வராது” என்றார் அந்தத் தம்பி. 650 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்கும்போது நான் செய்த ஒரு நல்ல காரியம், நான்கு சக்கர வளைவுகளையும் போனில் படம் எடுத்துப் போனது. ஒரே பெயருள்ள காரிலேயே வருடம் மாறினால் பம்பரின் வடிவம் மாறிவிடும், முக்கியமாகப் பின்பக்கம். முதலில் அவர் எடுத்து வைத்த செட்டின் பின் ஃப்ளாப் என் படத்தில் இருந்த வளைவோடு ஒத்துப்போகவே இல்லை. படத்தைக் காட்டிய பிறகுதான் உள்ளே போய் வேறு செட் எடுத்து வந்தார். தட்டையான ரப்பர் ஷீட்டும் இருந்தது. கல்லில் இடித்தால் அது மடங்குமே தவிர உடையாது, அது நல்ல குணம்தான். ஆனால் காரின் வளைவோடு படியாது, இடைவெளி விழும். அதனால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கையே எடுத்தேன். ஃப்ளாப் நான்கு, ஸ்க்ரூ ஒரு பொட்டலம், கவ்விப் பிடிக்கிற யூ கிளிப் ஆறு. எப்படி மாட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணா அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மாட்டறது பெரிய வேலை இல்ல. கழுவறதுதான் வேலை. அழுக்கு மேல மாட்டினா உள்ளயே தேச்சுத் தேச்சு பெயிண்டைத் தின்னுடும்” என்றார். இந்த வேலையில் நான் கேட்ட பேச்சிலேயே உருப்படியானது அதுதான்.

எப்படித் தேய்க்கும் என்று யோசித்தால் விளங்கும். ஃப்ளாப்பின் ஓரம் பெயிண்டின் மேல் உட்கார்கிறது. நடுவில் பொடி மணல் சிக்கினால், வண்டி ஓடுகிற ஒவ்வொரு அதிர்விலும் அது உப்புத்தாள் மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நான்கு வருடம் கழித்துக் கழற்றினால் ஃப்ளாப்பின் வடிவத்திலேயே துரு நிற்கும்.

அதனால் சனிக்கிழமை முழுக்கக் கழுவுவதற்கே போனது. அந்த வாரம் மலைக்கும் போகவில்லை. தோட்டத்துக் குழாயை வளைவின் உள்ளே விட்டு அடித்தேன், செம்மண் குழம்பாக இறங்கியது. கழுவி முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது மகன் கையை உள்ளே விட்டு, “அம்மா, இன்னும் இருக்கு” என்றான். தகட்டின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும் இடத்தில் இரண்டு கை மண், கட்டியாக இறுகிக் கிடந்தது. மேலே வெள்ளைத் தூசி, அடியில் சிவப்பு, இடையிடையே மக்கிய சில்வர் ஓக் இலை. இந்த ஈரக் கட்டியைத் தகட்டோடு அணைத்தபடி எத்தனை மாதம் வண்டி ஓடியதோ! பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டி, ஷாம்பு போட்டு, மறுபடி கழுவினேன். துருப் பிடித்த இரண்டு இடத்தையும் நைஸான உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரிந்ததும் பிரைமர் வைத்து, அது காய்ந்த பிறகு டச்சப் பெயிண்ட் தொட்டேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டோம். தகட்டைக் கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் ஈரம் இருக்கவே கூடாது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாட்ட உட்கார்ந்தேன். சாமான் அதிகமில்லை. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. 10 எம்எம் ஸ்பேனர், டார்ச், உட்காரப் பழைய கால்மிதி, அப்புறம் கண்ணாடி போலத் தெரிகிற பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒரு சுருள்.

முதல் அரை மணி நேரம் ஒரு ஸ்க்ரூவும் போடவில்லை. ஃப்ளாப்பை வெறுமனே வைத்துப் பார்த்து, எது எந்தச் சக்கரத்துக்கு என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். முன் சக்கரத்துக்கு ஜாக்கி வேண்டாம். இடது டயருக்கு ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் டயரின் பின் ஓரம் உள்ளே போய்விடும், கை நுழைய இடம் கிடைக்கும். வலது டயருக்கு வலப்பக்கம். வளைவுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தது. அதைக் கழற்றி, ஃப்ளாப்பை நடுவில் வைத்து, அதே ஓட்டையில் போட்டேன். இரண்டாவது ஓட்டைக்கு உறையின் ஓரத்தில் யூ கிளிப்பைக் கவ்வ வைத்தேன். மூன்றாவதுக்கு மட்டும் சின்னதாக டிரில் போட வேண்டியிருந்தது, அதுவும் பிளாஸ்டிக் உறையில்தான். தகட்டை நான் தொடவே இல்லை.

ஃப்ளாப் பெயிண்டில் உட்காரும் கோட்டை மெல்லிய பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த அகலத்துக்கு ஃபிலிமை வெட்டி ஒட்டினேன். கடையில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இதை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முன் வலதில் தப்பு நடந்தது. முதல் ஸ்க்ரூவை முழு இறுக்கமாக முடுக்கிவிட்டு இரண்டாவதுக்குப் போனேன். அதற்குள் ஃப்ளாப் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. பலம் கொடுத்துத் திருகினேன், பிளாஸ்டிக்கில் மரை போய்விட்டது. ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து, கெட்டுப்போன ஓட்டையிலும் ஒரு யூ கிளிப் மாட்டி, வாஷர் வைத்துப் போட்டேன். பிடித்துக்கொண்டது. அதிலிருந்து எல்லா ஸ்க்ரூவையும் விரலாலேயே இரண்டு சுற்று விட்டு, ஃப்ளாப்பைக் காரின் உடம்போடு அழுத்திப் பிடித்து, நடுவில் இருப்பதை முதலில் பாதி இறுக்கம், பிறகு ஓரங்கள், கடைசியில் எல்லாம் ஒரு சுற்று என்று போனேன். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவின் தலை படிந்ததும் கால் சுற்று போதும்.

பின் சக்கரம் திரும்பாது, அதனால் இடம் கிடைக்காது. பின் வலது குட்டை ஸ்க்ரூ டிரைவருக்கு எட்டியது. பின் இடது எட்டவே இல்லை. சக்கரத்தைக் கழற்றுவது என்று முடிவு செய்தேன். ஜாக்கி வைக்கும்போது அவசரப்படக் கூடாது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் ஒன்றுதான் பிடிமானம். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் மரக்கட்டை வைத்தேன். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியின் மேல் ஆடும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். “கண்ணு, நீ டார்ச்சைத் தள்ளி நின்னே பிடி, காருக்கு அடியில தலைய விடாதே” என்று மகனிடம் மூன்று தடவை சொன்னேன்.

சக்கரம் போனதும் ஐந்தே நிமிட வேலை. திரும்ப மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுத்தேன். எல்லாம் முடிந்தபோது மணி ஒன்றரை.

உடனே ரோட்டுக்கு எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, இரண்டு பக்கமும் டயருக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். பிறகு பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். ஆள் ஏறினால் பின்பக்கம் தாழும். ஃப்ளாப்பின் அடி தரையிலிருந்து 14 செ.மீ. இருந்தது. எங்கள் தெரு வேகத்தடைக்கு அது போதும்.

அடுத்த சனிக்கிழமை நல்ல தூறல். மலைப்பாதையில் 60 அடி பாலம் பக்கம் ரோடு முழுக்கச் சேறு. நாகலூரில் இறங்கியதும் முதலில் கதவுக்குக் கீழ்ப் படியைத் தடவிப் பார்த்தேன், ஈரம் மட்டும்தான் கையில் ஒட்டியது. ஆனால் கதவின் நடுவில் சேறு தெறித்திருந்தது. யோசித்தபோது காரணம் புரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. இடது வளைவில் திரும்பும்போது வலது முன் டயரின் பின் ஓரம் உடம்பை விட்டு வெளியே நீளும், அப்போது அது வீசுகிற சேறு ஃப்ளாப்பின் அகலத்தைத் தாண்டிப் போய்விடும். நேர் ரோட்டில் கிடைக்கிற பலன் மலை வளைவில் முழுதாகக் கிடைக்காது. பின் கண்ணாடியும் பழையபடி அழுக்காகத்தான் இருந்தது. ஹேட்ச்பேக்குக்குப் பின்னால் காற்று சுழன்று தூவானத்தை மேலே இழுக்கிறது, அதற்கு ஃப்ளாப் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவும் தெரிந்த பிறகும் 650 ரூபாய்க்கு எனக்குக் குறையில்லை. கல் தழும்பு அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கூடவில்லை.

புதிதாகப் பழக வேண்டியது பின்னோக்கி எடுக்கும்போதுதான். நடைமேடைக் கல்லை டயர் தொடும்வரை போகும் பழக்கத்தை விட்டுவிட்டேன். டயர் தொடுவதற்கு முன்பே ஃப்ளாப் கல்லில் சிக்கும், முன்னால் நகரும்போது பிய்ந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தேன். பின் இடதில் ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று இளகியிருந்தது, மற்றவை அப்படியே. ஃப்ளாப்புக்கும் உறைக்கும் நடுவில் மறுபடி ஒரு பிடி செம்மண் சேர்ந்திருந்தது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மகன் குழாயை நான்கு வளைவுக்குள்ளும் விட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அடிக்கிறான். அம்மா போன தடவை இறங்கும்போது புடவையைத் தூக்கிப் பிடிக்கவில்லை.